சுத்தவாளி

தியாகலிங்கத்தைப் பொலிஸ் மறித்தபோது பொழுதுபட்டுச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கைதடியில் ஒரு செத்த வீட்டின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போய்விட்டு, மீசாலையில் இருக்கும் தன் வீட்டுக்கு வானை ஓட்டிக்கொண்டு வந்தார். வானில் வேறு ஒருவரும் இல்லை. அது பள்ளிக்கூட வான். கச்சாய், அல்லாரைப் பக்கத்துப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றிச் சாவகச்சேரிப் பள்ளிக்கூடங்களில் இறக்குவதும், மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்து வீட்டு வாசல்களில் விடுவதும்தான் அவருடைய சீவியம்.

டோர்ச் அடித்து நிறுத்திய சார்ஜன் யன்னலுக்குள் முகத்தைக் கொண்டுவந்தார். கொண்டுவந்த வேகத்திலேயே பின்னுக்கு எடுத்தார்.

“ஐயா, குடிச்சதா?”

“இல்லை ஐயா. நான் குடிக்கிறேல்லை.”

“மணக்குது.”

மணந்தது உண்மைதான். அந்தியேட்டி வீட்டில் சாப்பாடு முடிந்ததும் சில பேர் பின்வளவுக்குப் போய்ப் போத்தல் திறந்தார்கள். செத்தவரின் தம்பி முருகேசு தியாகலிங்கத்தைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதார். அவர் கையில் இருந்த கிளாஸ் தியாகலிங்கத்தின் தோளில் கவிழ்ந்தது. பைப்படிக்குப் போய்ச் சேட்டை நனைத்துத் தேய்த்தும் சாராய மணம் போகவில்லை. இதையெல்லாம் சார்ஜனுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தார். சார்ஜனுக்குத் தமிழ் அவ்வளவு தூரம் வராது. பயத்தில் தியாகலிங்கத்துக்கும் நாக்குத் தடக்கியது.

சார்ஜன் தன்னோடு நின்ற பொலிஸ்காரனிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவன் மோட்டார் சைக்கிள் பெட்டியைக் கிளறிவிட்டுக் கையை விரித்தான். ஊதிப் பார்க்கிற பலூன் முடிந்துவிட்டிருந்தது.

“ஐயா இறங்குங்க. இதில நடக்கவேணும்.” சார்ஜன் வீதியோரத்து வெள்ளைக் கோட்டின் மேல் தானே நடந்து காட்டினார். ஒரு காலின் குதி மற்றக் காலின் விரல் நுனியில் முட்டவேண்டும். கையை விரிக்கக்கூடாது.

தியாகலிங்கத்துக்கு மனம் ஆறியது. இதற்குள் என்ன இருக்கிறது, நடந்து காட்டிவிட்டுப் போய்விடலாம் என்று கோட்டில் காலை வைத்தார். முதல் அடி சரியாக வந்தது. அடுத்த காலைத் தூக்கியதும் உடம்பு தானாகவே ஒரு பக்கம் சரிந்தது. கையை விரித்து நின்றுகொண்டார். திரும்ப நடந்தார். திரும்பவும் கால் கோட்டை விட்டுப் புல்லுக்குள் போய்விட்டது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். நின்றார் என்று சொல்லமுடியாது. வானின் கதவைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார்.

இளம் பொலிஸ்காரன் சிரித்தான். சார்ஜன் சிரிக்கவில்லை. தியாகலிங்கத்தின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வானைப் பூட்டச் சொல்லித் திறப்பை வாங்கிக்கொண்டார்.

பொலிஸ் நிலையத்துக்கு மனைவியின் தம்பி கீர்த்திகன் வந்து பிணையில் கூட்டிக்கொண்டு போனான். வீட்டு வாசலில் மனைவி உதயகலா நின்றாள். தியாகலிங்கம் சேட்டைக் கழற்றினார். அவள் அதைக் கையில் வாங்கி, தோய்க்கிற வாளிக்குள் போடுவதற்கு முன் ஒருதரம் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

“இஞ்சேரும், நான் குடிக்கேல்லை. முருகேசண்ணைதான் ஊத்திப்போட்டார்.”

“சாப்பிட்டியளோ?” என்று மட்டும் அவள் கேட்டாள்.

அவள் ஏசியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. தியாகலிங்கம் ஒரு காலத்தில் ஊரறிந்த குடிவெறிகாரன். அப்போது லொறி ஓடினார். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போய் வருகிற காசு வீட்டுப் படலைக்கு வரமுன் முடிந்துவிடும். மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு வைத்த அன்று, ஆராத்தி எடுக்கிற நேரத்தில், அவர் பந்தலுக்குப் பின்னால் வாழைக்குற்றியோடு விழுந்து கிடந்தார். சாமத்தியச் சேலையோடு மகளே வந்து அவர் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். அதற்குப் பிறகு தொடவில்லை. எட்டு வருசமாகிறது. மகள் இப்போது வவுனியாவில் படிக்கிறாள். லொறியை விட்டு வான் எடுத்து, பிள்ளைகளை நம்பி ஏற்றிவிடுகிற மாதிரித் தன்னை ஆக்கிக்கொள்ள அவருக்கு நீண்ட காலம் பிடித்தது.

அந்த நம்பிக்கை ஒரு நாளில் போனது. அடுத்த நாள் காலை முதல் ஆளாக வினோஜா போன் எடுத்தாள். கச்சாயில் இருக்கிற தாதி. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வானில் முன் இருக்கைக்குச் சண்டை பிடிக்கிறவர்கள்.

“அண்ணை, கொஞ்ச நாளைக்கு நானே பிள்ளையளைக் கொண்டுபோய் விடுறன். குறை நினைக்காதேங்கோ.”

“இல்லைத் தங்கச்சி. எனக்கு விளங்குது.”

லைசன்ஸ் நீதிமன்றத்துக்குப் போய்விட்டதால் கீர்த்திகன்தான் வானை ஓடினான். ஊர் வீடுகளில் மின்வேலை செய்கிறவன். காலையிலும் மத்தியானமும் அத்தானுக்காக வந்து நின்றான். பாதிப் பிள்ளைகள்தான் இப்போது வானில் போனார்கள்.

“அத்தான், குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுங்கோ” என்றான் கீர்த்திகன். “எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம். தண்டத்தைக் கட்டினால் சரி. கொஞ்ச மாதம் லைசன்ஸை நிப்பாட்டுவினம். பேந்து பழையபடி ஓடலாம்.”

“குடிச்ச காலம் முழுக்க ஓடித்திரிஞ்சனான், ஒருதரும் பிடிக்கேல்லை. குடிக்காத நாளிலை பிடிச்சிருக்கிறாங்கள். குடிச்சனான் எண்டு நானே என்ரை வாயாலை சொல்லுறதோ?”

“அப்ப நல்ல லோயரா ஒரு ஆளைப் பிடிப்பம்.”

சாவகச்சேரி நீதிமன்றத்துக்குக் கிட்ட, ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் சட்டத்தரணி நிமலினியின் அலுவலகம் இருந்தது. வட்டுக்கோட்டைப் பெண். தகப்பன் பாதிரியார். முப்பத்தைந்து வயது மட்டில் இருக்கும். வேகமாகக் கதைக்கமாட்டாள். தியாகலிங்கம் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, மேசையைச் சுற்றி வந்து எதிர்க் கதிரையில் இருந்தாள்.

“எனக்கு நீங்கள் உண்மை சொல்லவேணும் அண்ணை. பொய் சொன்னால் வழக்கிலை நான்தான் விழுவன். அண்டைக்கு ஒரு மிடறாவது குடிச்சனியளோ?”

“இல்லை மிஸ். என்ரை பிள்ளையாணை இல்லை.”

“சரி. பலூன் ஊதேல்லை. டொக்டரிட்டையும் கொண்டுபோகேல்லை. ரெண்டிலை ஒண்டு செய்திருக்கவேணும். அவை வைச்சிருக்கிறது மணத்தையும் நடையையும்தான். மணத்துக்கு முருகேசண்ணை வந்து சாட்சி சொல்லுவார். நடைதான் பிரச்சினை. ஏன் கோட்டிலை நடக்கேலாமல் போச்சு?”

“பயம் மிஸ். மற்றது, இருட்டு. கல்லும் புல்லுமாக் கிடந்தது.”

“அதைத்தான் நானும் கேக்கப்போறன்.” நிமலினி எழும்பி, அறையின் நடுவில் நிலத்தைக் காட்டினாள். “அந்தச் சார்ஜன் எப்பிடி நடக்கச் சொன்னவர் எண்டு ஒருக்கால் செய்து காட்டுங்கோ. எனக்கு அது கண்ணுக்குள்ளை இருந்தால்தான் கேள்வி கேக்கலாம். இந்த ரைல்ஸ் பொருத்தைக் கோடு எண்டு வைப்பம்.”

காலை பத்து மணி. நிலம் வழுவழுவென்று மட்டமாக இருந்தது. யன்னலால் வெயில் வந்தது. தியாகலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பொருத்தில் காலை வைத்தார். குதியை விரலில் முட்டவைத்தார். உடம்பு சரிந்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். சிரிக்கப் பார்த்தார்.

“திரும்பச் செய்யுங்கோ அண்ணை. ஆறுதலா.”

திரும்பச் செய்தார். முன்னரை விட மோசமாக வந்தது. கீர்த்திகன் ஓடிவந்து தோளைப் பிடித்தான். தியாகலிங்கம் தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவை வேறு யாருடையவோ கால்கள் என்று அவருக்குப் பட்டது.

“வழக்கை விடுங்கோ. முதல் நீங்கள் டொக்டரைப் பாக்கவேணும்” என்றாள் நிமலினி.

வழக்கின் முதல் தவணையில் நிமலினி அவருக்காகத் தோன்றினாள். குற்றப்பத்திரத்தை வாசித்துவிட்டு, குற்றவாளியா சுத்தவாளியா என்று கேட்டார்கள். தியாகலிங்கம் கூண்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “சுத்தவாளி” என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. சாட்சிகளை விசாரிக்கிற விளக்கத்துக்குத் திகதி போட்டார்கள். அந்த இடைவெளியில் அவர் யாழ்ப்பாணத்துக்குப் போய் நரம்பு வைத்தியர் தேவகுமாரியைப் பார்த்தார்.

டொக்டரும் அவரைக் கோட்டில் நடக்கவிட்டார். மூக்கைத் தொட்டு, பிறகு தன் விரலைத் தொடச் சொன்னார். அது பெரிதாகப் பிழைக்கவில்லை. கட்டிலில் படுக்கவைத்து, ஒரு காலின் குதியை மற்றக் காலின் முழங்காலில் வைத்து, முன்னெலும்பு வழியே கீழே இழுத்துக்கொண்டு போகச் சொன்னார். குதி எலும்பில் நில்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழுகி விழுந்தது.

“எப்ப தொடக்கம் இப்பிடி?”

“ஒண்டும் இருக்கேல்லை டொக்டர்.” சொல்லிவிட்டு யோசித்தார். களிசான் போடும்போது சுவரில் சாய்ந்துகொள்வது. முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினால் தொட்டிக் கட்டைப் பிடித்துக்கொள்வது. அப்பா காலை அகட்டி அகட்டி நடக்கிறார் என்று மகள் போன தைப்பொங்கலுக்கு வந்தபோது சொல்லிச் சிரித்தது. எல்லாவற்றையும் வயசு என்றுதான் நினைத்திருந்தார். ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஸ்கான் எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போனபோது, டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“இது சிறுமூளை. உடம்பைச் சரியாமல் வைச்சிருக்கிறது இதுதான். உங்களுக்கு இது கொஞ்சம் சுருங்கிப்போச்சு. முந்திக் குடிச்சனியளோ?”

“ஓம்.”

“கனக்க?”

“கனக்க. கன காலம். இப்ப எட்டு வருசமா இல்லை.”

“இரத்தத்திலை வேறை காரணம் ஒண்டும் தெரியேல்லை. அந்தக் குடியாத்தான் இருக்கவேணும்.”

தியாகலிங்கம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில், “அப்ப நிப்பாட்டி என்ன பிரயோசனம் டொக்டர்?” என்று கேட்டார்.

“நிப்பாட்டினபடியால்தான் இந்த அளவிலை நிக்குது. நிப்பாட்டாட்டி இண்டைக்கு உங்களை ஆரும் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பினம்.” டொக்டர் படத்தை உறைக்குள் வைத்தார். “போனது திரும்பி வராது. பயிற்சி செய்தால் நடை கொஞ்சம் திருந்தும். என்ன வேலை செய்யிறியள்?”

சொன்னார். டொக்டர் அவருடைய கால்களைப் பார்த்தார்.

“பிரேக் பிடிக்கேக்கை கால் எப்பவாவது பிழைச்சிருக்கோ?”

மீசாலைச் சந்தியில் ஒரு நாள் ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. கால் பிரேக்கைத் தேடிப் போய் அதன் ஓரத்தில் பட்டு வழுகியது. மறுபடி மிதித்துத்தான் வான் நின்றது. பின்னால் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்கள் உருண்டன. சின்னதுகள் அதைப் பெரிய விளையாட்டாக நினைத்துக் கூக்காட்டின. ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. செருப்பில் ஈரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை மறந்துவிட்டார்.

“ஒருக்கால்” என்றார்.

“பிள்ளையளை ஏத்தி ஓடவேண்டாம். நான் சொல்லக்கூடியது அதுதான். நீங்கள் கேட்டால் எழுதித் தருவன். கேக்காமல் ஒருதருக்கும் அனுப்பமாட்டன்.”

அன்று பின்னேரம் நிமலினியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடிந்ததும் நெற்றியைக் கையால் தேய்த்தாள்.

“அண்ணை, இதை நேராச் சொல்லுறன். டொக்டரைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லவைச்சால் வழக்கு அண்டைக்கே முடியும். ஆனா நீதவான் லைசன்ஸைப் பற்றி யோசிப்பார். அது பேந்து உங்களுக்குக் கிடைக்காது.”

“சொல்லாட்டி?”

“சொல்லாமலும் வெல்லலாம். நீங்கள் குடிச்சிருந்தியள் எண்டு அவைதான் காட்டவேணும். பலூன் இல்லை, டொக்டரின்ரை அறிக்கை இல்லை. அதிலையே விழுந்திடும். லைசன்ஸ் உங்கடை கைக்கு வரும்.” கொஞ்சம் நிறுத்தி, “வழக்கு நீங்கள் குடிச்சியளோ இல்லையோ எண்டதைப் பற்றித்தான். நான் கேக்கப்போறதும் அதைத்தான். அதுக்கு மேலை என்னட்டை ஒருதரும் கேக்கமாட்டினம், நானும் சொல்லேலாது. நீங்கள் சொன்னதெல்லாம் இந்த அறைக்குள்ளைதான் நிக்கும்.”

தியாகலிங்கம் தலையாட்டினார்.

“வானிலை எத்தினை பிள்ளையள் போறவை?” என்று அவள் கேட்டாள். கேட்டவள் தானே, “இல்லை, விடுங்கோ. அது என்ரை கேள்வி இல்லை” என்றாள்.

வீட்டில் உதயகலா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் இருந்துகொண்டு டொக்டர் சொன்னதைச் சொன்னார். சிறுமூளை என்றதும் துருவுவதை நிறுத்தினாள்.

“உயிருக்கு ஒண்டுமில்லையே?”

“இல்லை. நடைதான்.”

அவள் பலகையை விட்டு எழும்பாமல் இருந்தாள். பாதி துருவிய தேங்காய்ப் பாதி கையிலேயே இருந்தது.

“அண்டைக்கு நான் உங்கடை சேட்டை மணந்து பாத்தனான்” என்றாள்.

“கண்டனான்.”

“அண்டு தொடக்கம் நித்திரை இல்லை எனக்கு. திரும்பத் தொடங்கியிட்டார் எண்டுதான் நினைச்சனான். அலுமாரிக்குப் பின்னாலை, வானுக்குள்ளை, எல்லா இடமும் போத்தல் தேடினனான். கேட்டிருக்கலாம். கேக்கப் பயமாக் கிடந்தது.”

“நீர் தேடினதிலை பிழை இல்லை. முந்தி எத்தினை போத்தல் எடுத்திருப்பீர்.”

அவள் அழுதாள். சத்தம் இல்லாமல், துருவலகைப் பார்த்துக்கொண்டே அழுதாள். அவருக்கு எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும்போல் இருந்தது. எழும்பினார். நிலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மெல்ல அவளுக்கு அருகில் இருந்தார். அவர் எப்படி எழும்பி எப்படி இருந்தார் என்பதை அவள் அன்றுதான் முதன்முதலாக முழுக்கப் பார்த்தாள்.

“அப்ப வான்?” என்று கேட்டாள்.

“வழக்கு முடியட்டும்” என்றார்.

வழக்கு விளக்கத்துக்கு வந்த நாளில் நீதிமன்றம் நிறைந்திருந்தது. சார்ஜன் சாட்சிக் கூண்டில் ஏறிச் சிங்களத்தில் சாட்சி சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். மறித்தது, மணந்தது, நடக்கவைத்தது, சரிந்தது. எல்லாம் நடந்தபடியே இருந்தது. ஒரு சொல் கூட்டவில்லை.

நிமலினி எழும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“அன்று உங்களிடம் சுவாசப் பரிசோதனைக் கருவி இருக்கவில்லை. சரியா?”

“முடிந்துவிட்டது.”

“எதிரியான தியாகலிங்கத்தை வைத்தியரிடம் கொண்டுபோனீர்களா?”

“இல்லை. வாகனம் இருக்கவில்லை.”

“நடக்கச் சொன்ன இடத்தில் வெளிச்சம்?”

“டோர்ச் வெளிச்சம்தான்.”

“எதிரிக்குக் காலில் காயம், நோய் ஏதும் உண்டா என்று கேட்டீர்களா?”

“கேட்கவில்லை.”

“அவருடைய சேட்டு நனைந்திருந்ததா?”

சார்ஜன் யோசித்தார். “ஆம். தோள் பக்கம் நனைந்திருந்தது.”

“மணம் வாயிலிருந்து வந்ததா, சேட்டிலிருந்து வந்ததா?”

“பிரித்துச் சொல்ல முடியாது.”

நிமலினி இருக்கப் போனாள். அப்போது சார்ஜன் மொழிபெயர்ப்பாளரிடம் இன்னும் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் நீதவானைப் பார்த்தார். சொல்லட்டும் என்று நீதவான் தலையசைத்தார்.

“அவருக்கு நடக்க முடியாமல் போனது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது என்று சாட்சி சொல்கிறார். வெறியில் இருப்பவர்கள் தாங்கள் சரியாக நடப்பதாகத்தான் நினைப்பார்களாம். இவர் அப்படி இல்லை என்பது தனக்கு ஒரு மாதிரியாக இருந்ததாம். என்றாலும் வழக்குப் போடவேண்டியிருந்ததாம்.”

கூண்டில் நின்ற தியாகலிங்கம் சார்ஜனை நிமிர்ந்து பார்த்தார். சார்ஜன் அவரைப் பார்க்கவில்லை, நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசும் சவரம் செய்த முகத்தோடு வந்து, தன் கையால்தான் சாராயம் கவிழ்ந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். நீதவான் நீண்ட நேரம் எடுக்கவில்லை. எதிரி மது அருந்தியிருந்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்றார். விடுதலை என்றார். நீதிமன்ற முதலியார் லைசன்ஸை எடுத்துக் கொடுத்தார். தியாகலிங்கம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தின் கீழே சார்ஜன் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார்.

“ஐயா, என்னோட கோவம் இல்லைதானே?”

“இல்லை ஐயா. நீங்கள் அண்டைக்கு மறிச்சது நல்லது.”

அது நக்கலா, உண்மையா என்று சார்ஜனுக்குப் பிடிபடவில்லை. தியாகலிங்கத்தின் முகத்தில் நக்கல் இல்லை. சார்ஜன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையாட்டினார்.

கீர்த்திகன் வானைத் துடைத்து, நீதிமன்ற வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தான். இறங்கி நின்று திறப்பை நீட்டினான்.

“இனி நீங்கள் ஓடுங்கோ அத்தான். ஊர் பாக்கட்டும்.”

தியாகலிங்கம் திறப்பை வாங்கவில்லை. முன்பக்கத்தால் சுற்றி நடந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தார். அவர் கதவைச் சாத்தும் வரை கீர்த்திகன் அங்கேயே நின்றான்.

“ஏன் அத்தான்?”

“நீயே ஓடு. போகேக்கை சொல்லுறன்.”

சாவகச்சேரிச் சந்தை தாண்டும்போது சொன்னார். கீர்த்திகன் நுணாவில் வரை ஓடிக்கொண்டே போனான். வீட்டுக்கு எதிர்த் திசையில் வந்துவிட்டதை அப்போதுதான் கண்டு, வானைத் திருப்பினான்.

ஊர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்பதைப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. தியாகலிங்கம் இடதுபக்கம் இருக்கிறார், மச்சான் ஓடுகிறான் என்பதை எல்லாரும் பார்த்தார்கள். தேத்தண்ணிக் கடையில் ஒருவர் பகிடியாகவே கேட்டார், “என்ன தியாகு, கோட்டிலை லைசன்ஸைப் பறிச்சுப்போட்டாங்களோ?” சட்டைப் பையில் கிடந்த லைசன்ஸை எடுத்துக் காட்டினால் வாய் மூடியிருப்பார். தியாகலிங்கத்தின் கை பைவரை போனது. காட்டினால், பிறகு ஏன் ஓடவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதைத் தேத்தண்ணிக் கடையில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. காசை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

கீர்த்திகன்தான் கொதித்தான். “வெண்டது நீங்கள். தோத்ததெண்டு ஊர் கதைக்குது. ஒப்புக்கொண்டிருந்தாலும் இதுதானே நடந்திருக்கும்? அதுக்கு ஏன் இவ்வளவு அலைச்சல்?”

உதயகலா தம்பியைப் பார்த்து, “அவர் குடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். மகளுக்குத் தெரியும். அது காணாதோ?” என்றாள்.

“எனக்குக் காணாது” என்றார் தியாகலிங்கம். இருவரும் அவரைப் பார்த்தார்கள். “ஊர் என்னவும் கதைக்கட்டும். பிள்ளையளைத் தந்த சனத்துக்குச் சொல்லத்தான் வேணும். நான் ஏத்தி ஓடேக்கை என்ரை கால் பிழைச்சிருக்கு. அது அவைக்குத் தெரியாது.”

“அதை ஏன் சொல்லுவான் அத்தான்? ஒண்டும் நடக்கேல்லையே.”

“நடக்கேல்லை. அதாலைதான் இப்ப சொல்லக்கூடியதாக் கிடக்கு.”

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இருவரும் வானில் கச்சாய்க்குப் போனார்கள். கீர்த்திகன் ஒழுங்கையின் வாயில் நிறுத்தினான். தியாகலிங்கம் தனியே நடந்து போய் வினோஜா வீட்டுப் படலையைத் தட்டினார். பயிற்சிக்குப் பிறகு நடை சற்றுத் திருந்தியிருந்தது. ஆனால் ஒழுங்கை மணல். மெல்லத்தான் போனார். வினோஜா வெளியே வந்தவள், அவர் நடந்து வந்த விதத்தைப் படலைக்கு மேலால் பார்த்தாள். அவள் முகம் மாறியது. அது ஏன் என்று அவருக்கு விளங்கியது.

“குடிக்கேல்லைத் தங்கச்சி. இப்பவும் இல்லை, அண்டைக்கும் இல்லை. இருந்து கதைக்கலாமோ?”

அவள் கதிரை கொண்டுவந்து போட்டாள். பிள்ளைகள் ஓடிவந்து, “வான் மாமா” என்று அவருடைய முழங்காலில் தொங்கினார்கள். அவர்களை உள்ளே போகச் சொல்லிவிட்டு அவள் எதிரில் இருந்தாள். தியாகலிங்கம் முதலிலிருந்து சொன்னார். லொறிக் காலம், குடி, நிறுத்தியது, வெள்ளைக் கோடு, டொக்டர் காட்டிய படம். மீசாலைச் சந்தியில் ஆடு பாய்ந்ததையும் சொன்னார். அன்று வானில் அவளுடைய பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதையும் சொன்னார். அந்த இடத்தில் அவருக்கு நாக்குத் தடக்கியது. நிறுத்தி, மறுபடி சொன்னார்.

தாதி என்பதால் டொக்டர் சொன்ன பகுதி வினோஜாவுக்கு விளக்காமலே விளங்கியது. ஆட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் உள்ளே பிள்ளைகள் இருந்த பக்கம் ஒருதரம் திரும்பினாள்.

“அண்டைக்கு நிப்பாட்டியிருக்கவேணும் அண்ணை” என்றாள்.

“ஓம். செருப்பு ஈரமெண்டு நினைச்சுப்போட்டன். நினைக்க விருப்பமா இருந்தது.”

அவள் எழும்பினாள். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். கோப்பையை அவர் கையில் நிரப்பிக் கொடுக்காமல், சிந்தாத மட்டத்துக்குக் குறைத்து ஊற்றியிருந்தாள். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பழகிய கை.

“மற்ற வீடுகளுக்கும் போகப்போறியளோ?”

“ஓம். எல்லா வீட்டுக்கும் ஒருக்கால் போகவேணும். சில பேர் இனி எங்கடை வானிலை விடமாட்டினம். அது அவையின்ரை விருப்பம்.”

“கீர்த்திகன் தொடர்ந்து ஓடுவாரோ?”

“வேலையை விட்டுட்டு ஓடுறன் எண்டுதான் சொல்லுறான். வான் அவன்ரை பேருக்கு மாறுது. நான் உள்ளை கதவடியிலை இருந்து பிள்ளையளைப் பாத்துக்கொள்ளுவன். ஏத்தி இறக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்தானே.”

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். உள்ளே சின்னது ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. அவர் கதிரையின் கைகளை ஊன்றி எழும்பினார். அவள் உதவிக்குக் கையை நீட்டவில்லை, ஆனால் பக்கத்தில் வந்து நின்றாள். படலைவரை கூடவே நடந்து வந்தாள்.

“நாளைக்கு வான் வழமையான நேரத்துக்குத்தானே வரும்?” என்று கேட்டாள்.

“ஓம் தங்கச்சி. வரும்.”

ஒழுங்கை வாயிலில் கீர்த்திகன் வானுக்கு வெளியே சாய்ந்து நின்றான். அத்தானின் முகத்தைப் பார்த்தான், கதவைத் திறந்துவிட்டான். அடுத்த வீடு அல்லாரையில். அங்கே தகப்பன் கோபக்காரர், ஏசுவார் என்று இருவருக்கும் தெரியும். தியாகலிங்கம் கதவைப் பிடித்து ஏறி இருந்து, இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டார்.

“போவம்” என்றார்.